கஞ்சியில் கரையாத மருந்து

ஏழு வருஷம் உன்னோடு பேசாத வாயால்தான் கூப்பிடுகிறேன், அண்ணே,

அண்ணிக்கும் அதே நோய் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் இருவரும் பெருக்கிக் கழுவிய குகைக் கோயிலின் வௌவால் எச்சத் தூசி, உன் நுரையீரலில் பூஞ்சையாக முளைத்தது போலவே அவருக்கும் முளைத்திருக்கிறது. அதே இருமல். மருத்துவமனையில் கொடுத்ததும் அதே வெள்ளை மருந்துதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது? வீட்டில் கேட்க ஆளில்லை. வேலையிடத்தில், எனக்குப் பின்னால் வந்து எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவனிடமா சொல்வேன்?

ஈப்போவில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேள். தண்ணீரில் கரையாத மருந்துகளை உடம்பு ஏற்கும்படி செய்வதுதான் என் வேலை. எவ்வளவு நல்ல மருந்தானாலும் குடலில் கரையாவிட்டால் இரத்தத்தில் சேராது. அப்படியே வெளியேறிவிடும். அந்த வெள்ளை மருந்து அப்படிப்பட்டது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால், பித்தநீர் சுரந்து அதைக் கரைத்து உள்ளே சேர்க்கும். கஞ்சியோடு குடித்தால் பெரும்பகுதி வீண்.

அண்ணி உனக்குக் கொடுத்தது கஞ்சி.

மருந்து சாப்பிட்டால் பத்தியம். எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, புளி கூடாது. தோட்டத்து லய வீட்டில் அம்மா நமக்குப் பார்த்த பத்தியத்தைத்தான் அண்ணி உனக்கும் பார்த்தார், ஒரு குறையும் வைக்காமல். போத்தலில் மலாயில் ‘செலெபாஸ் மாக்கான்’ என்றுதான் எழுதியிருந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு. கஞ்சியும் சாப்பாடுதானே?

எனக்கு அப்போதே தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணி உன் போனிலிருந்து கூப்பிட்டார், நினைவிருக்கிறதா? போத்தலில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். “இது நல்ல மருந்தா தம்பி? நீங்க இதெல்லாம் படிச்சவங்க லா. நான் பத்தியமா கஞ்சிதான் குடுக்கறேன்.” பின்னால் நீ இருமுவது கேட்டது. “அவன்கிட்ட என்ன கேள்வி? வை போனை” என்று நீ சொன்னதும் கேட்டது.

“நல்ல மருந்துதான் அண்ணி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அவர் போன செய்தி கேட்டு நான் விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். ஒரு ராத்திரி காத்திருக்க மாட்டாமல் நீ வைத்தாய். அந்தக் கோபத்தில், அண்ணன் தன் வாயால் கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். நீ கேட்கவே இல்லை. எண்ணெய் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் தூங்க விடுவதில்லை.

நீ போனதிலிருந்து அந்த மருந்துக்கு ஒரு கேப்ஸ்யூல் செய்துகொண்டிருக்கிறேன். கஞ்சி குடித்தாலும் மருந்து வேலை செய்ய வேண்டும். மருந்தை எண்ணெயில் கரைத்து, எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் சோப்பு மாதிரி ஒரு துணைப்பொருளைக் கலந்து, கரைந்தது திரும்பவும் கட்டிக்கொள்ளாமல் பிடித்துவைக்க இன்னொன்றைச் சேர்க்கிறேன். உடம்புச் சூட்டில் வைத்த நீரில் விட்டால் பால் போல அழகாக விரிகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் பொடி மணல். எத்தனை முறை மாற்றினாலும் அந்த மணல். அண்ணிக்கு அது உதவப் போவதில்லை.

போன மாதம் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு போனேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, முட்டை. மருந்துக்கு அதைவிடத் தோதான சாப்பாடு இல்லை. அண்ணி பொட்டலத்தைத் தொடவில்லை. “மருந்து சாப்பிடற வாய்க்கு இதெல்லாம் ஆகுமா? நல்ல படிச்ச ஆளு லா நீங்க!” என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. காரணம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

நேற்று இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவில் இல்லை. இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அண்ணி பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: “அப்ப... நான் குடுத்த கஞ்சியாலதானா?”

“இல்ல அண்ணி. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லல.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொட்டலத்தைப் பிரித்து, சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கடைசி வாரம் இதைத்தான் கேட்டாரு. ஒரு வாய் குடுன்னாரு. நான் தரலையே.”

முழுவதையும் சாப்பிட்டார். மருந்தைக் குலுக்கி, அளந்து குடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, “இனிமே வராதீங்க தம்பி” என்றார்.

இன்று காலை கேட் பூட்டியிருந்தது. பொட்டலத்தைக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இல்லை. அண்ணி எடுத்தாரா, பூனை இழுத்துப் போனதா? கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை.

அம்மா விஷயத்தில் உன்னை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாளைக் காலையும் போவேன், மறுநாளும் போவேன். பொட்டலத்தை மாட்டிவிட்டுக் கேட் ஓரமாகவே நிற்பேன், அண்ணி வந்து எடுக்கும்வரை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், “மருந்துக்கு முன்னாடி சாப்பிடுங்க அண்ணி” என்று சத்தமாகச் சொல்வேன். யாரும் கேட்கட்டும் என்று இனி காத்திருக்க மாட்டேன்.

நீ கேட்காமலேயே சொல்லியிருக்க வேண்டிய
உன் தம்பி