பெல்ஜியம் தோட்டா

1931, கார்த்திகை, புதன் இரவு.

விழுப்புரத்துத் துப்பாக்கிக் கடையில் தோட்டா விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈயம், பித்தளை எல்லாம் மலிந்து கிடக்கிறதே, இது மட்டும் ஏன் ஏறியது என்று கேட்டேன்.

"பெல்ஜியம் சரக்குங்க. சீமைப் பவுன் நோட்டு மதிப்பு சரிஞ்சிட்டுது, நம்ம ரூபாயும் அதோட சரிஞ்சிட்டுது. பெல்ஜியம்காரனுக்கு இப்ப கூடுதலா ரூபா கொடுக்கணும். நான் என்னா பண்றது?" என்றார் கடைக்காரர்.

என் கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பறித்துக் கடலை தின்கிற காட்டுப்பன்றிக்கும் சீமைப் பவுனுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு தோட்டா வாங்கிக்கொண்டு விக்கிரவாண்டிக்குத் திரும்பினேன்.

பொழுது சாயும்போது பன்றிகள் கொல்லையில் இறங்கின. குறி வைத்தேன். கொடுத்த விலை நினைவுக்கு வந்தது, விரல் அசையவில்லை.

"சுடப் போறீங்களா, பாத்துக்கினே இருக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி செல்லம்மாள். என் பையிலிருந்து போன வருஷம் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை எடுத்து, உதட்டில் வைத்து ஊதினாள். காதைக் கிழிக்கிற சத்தம். பன்றிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. நாங்கள் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

புதுத் தோட்டா பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பழைய கூட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்று இப்போது அதை உதட்டருகே கொண்டுபோகிறாள்.