குழாய் வேலைக்காரனைக் குழல் கலைஞனாக்கிய கோப்பைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
கோப்பு எண் 4417-க்கு உரியவன்,
வீட்டு எண் 12, மூன்றாம் மாடி,
புதிதாக வந்தோர் தற்காலிகக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அகதிகள் குடியமர்வுச் சேவை அலுவலகம்.

பொருள்: என் தொழில் தவறாகப் பதிவாகியிருப்பதைத் தொழில் தேர்வுக்கு முன் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் குழாய் பொருத்தும் வேலை செய்தவன். போருக்குத் தப்பி மனைவி, மகளுடன் எட்டு மாதங்களுக்கு முன் இங்கு வந்தேன். கூரையும் கம்பளியும் தந்ததற்கு நன்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பத்திகளில் அதற்கு இடம் இருக்குமா தெரியவில்லை.

2. முதல் நேர்காணலில் என் தொழிலைக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். "குழாய் வேலைங்க. பெரிய பெரிய மண்டபத்துக்கெல்லாம் நான்தான் போட்டிருக்கேன்" என்றேன். இரைச்சலில் அவருக்குக் குழாய் குழலாகிவிட்டது, மண்டபம் கச்சேரியாகிவிட்டது. "குழல் கலைஞர், பெரிய அரங்குகளில் வாசித்தவர்" என்று கோப்பில் ஏறிற்று. எழுதியதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

3. அதன்பின் மூன்று அலுவலர்கள் மாறிவிட்டார்கள். மூவரும் தங்கமானவர்கள். கோப்பைப் பார்த்ததும் என் விரல்களைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள். விரல்களில் இருப்பது குழாய் முறுக்கிய காய்ப்பும் பழைய தழும்பும்தான். நான் மறுத்தால், தன்னடக்கம் என்று அதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

4. ஒவ்வொரு புது அலுவலரும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவதால், கழிவறையைப் பயன்படுத்துவது எப்படி என்ற பயிற்சியை மூன்று முறை முடித்துவிட்டேன். ஊரில் பாதிக் கழிவறைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் நான். மூன்றாம் முறை, செய்து காட்டவிருந்த கழிவறையிலேயே தண்ணீர் வரவில்லை. தொட்டியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன். பயிற்சியாளர் கைதட்டினார். பிறகு கோப்பில் எழுதினார்: "கைவேலையிலும் ஆர்வமுள்ள இசைக்கலைஞர்."

5. எங்கள் சமையலறைக் குழாய் ஐந்து மாதமாக ஒழுகுகிறது. பதிவு பெற்ற தொழிலாளிதான் தொட வேண்டுமாம். நான் கைவைக்கப் போனதற்கு எச்சரிக்கைக் கடிதமே வந்தது. "எதையாவது ஊதித் தொலைங்க, முதல்ல இந்தத் தண்ணி நிக்கட்டும்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காக மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளரை மன்னிக்கிறேன்.

6. மற்றதை மன்னிக்க இயலவில்லை. குழாய்த் தொழிலாளர் தேர்வுக்கு நான் அனுப்பிய விண்ணப்பம், "இசைத்துறையினருக்கு இடமில்லை" என்று திரும்பிவிட்டது. இம்மாதம் 30-ஆம் தேதியோடு விண்ணப்பிக்கும் வாய்ப்பு முடிகிறது. அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. ஐயா, வீட்டை விட்டோம், மனிதர்களை விட்டோம். கையோடு வந்தது இந்த ஒரு வேலைதான். வழியில் யாரும் பறிக்காததைத் தங்கள் கோப்பு பறித்துக்கொண்டது. ஒன்பது வயது மகளின் முன்னால் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7. எனவே, என் தொழிலை உடனே திருத்தித் தர வேண்டுகிறேன். இனி வருபவர்களுக்காவது, கையெழுத்துக்கு முன் கோப்பை அவரவர் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அலுவலர் மாறினால், புதியவர் கோப்போடு ஆளையும் ஒருமுறை கேட்கட்டும். இம்மனுவைத் தயவுசெய்து அதே மொழிபெயர்ப்பாளரிடம் தர வேண்டாம்.

8. 28-ஆம் தேதி தங்கள் அலுவலக ஆண்டு விழாவில் என் குழலிசை பத்து நிமிடம் என்று அழைப்பிதழில் அச்சாகியுள்ளது. அதற்குள் திருத்தம் வராவிட்டால், சொன்ன நேரத்துக்கு மேடையேறுவேன். என்னிடம் உள்ள ஒரே வாத்தியம் ஸ்பேனர். அரங்கின் தண்ணீர்க் குழாய் மேடையின் இடது ஓரத்தில் ஒழுகுவதைப் போன வாரமே பார்த்து வைத்தேன். பத்து நிமிடம் தாராளமாகப் போதும். முன்வரிசையில் என் மகள் இருப்பாள். அவளுடைய அப்பா என்ன வேலை செய்பவர் என்று அவளும் தாங்களும் சேர்ந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழாய் பொருத்துபவன்

இடம்: சமையலறை, வாளிக்கு அருகில்
தேதி: இம்மாதம் 11

இணைப்பு: கழிவறைப் பயிற்சிச் சான்றிதழ்கள் – மூன்று.