பசியடக்கும் மாத்திரை

சிவன்மலை ஆண்டவர் துணை

ராயபுரம், திருப்பூர்
12-2-1968

அன்பு மகள் மயிலாத்தாளுக்கு அப்பன் ஆத்தப்பன் சொல்ல, உன் அண்ணன் கன்னையன் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். கல்கத்தாவில் மாப்பிள்ளை திருமூர்த்தியும் நீயும் மூன்று குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே நம் பனியனுக்கு நல்ல கிராக்கி என்று மாப்பிள்ளை எழுதியதில் சந்தோஷம்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பில் முப்பது ராத்தலாவது இறக்கினால்தான் கால் தப்புமாம். நம் தெரு நாச்சிமுத்துவுக்கு ஐப்பசியில் கட்டைவிரலில் முள் குத்தியது. தையில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். நேற்றுப் பார்க்கப் போயிருந்தேன். "ஆத்தப்பா, பாதம் அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு உடு" என்றான். அங்கே வேட்டி மட்டும்தான் கிடந்தது. வீட்டுக்கு வந்து என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நூல் குடோனில் எடை மேடையில் ஏறி நின்றேன். நம் வேலுமணி கல்லை வைத்துக்கொண்டே போகிறான். "ஏனுங் மொதலாளி, நூல் பேலுக்குப் பில் போடறதுங்களா, உங்களுக்குங்களா?" என்றான். ஆட்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே சோற்றை விட்டேன். மூன்று நாள் வெறும் மோர். நான்காம் நாள் நிட்டிங் மிஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தேன். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கை போயிருக்கும். அன்று ராத்திரி மூன்று நாள் சோற்றையும் சேர்த்துத் தின்றேன்.

தை மாதக் கடிதத்தில் நீ இளைத்துவிட்டதாகவும் கல்யாண ரவிக்கை திரும்பச் சேர்வதாகவும் எழுதியிருந்தாய். எப்படி இளைத்தாய் கண்ணு? எனக்கும் சொல்.

அடுத்த வாரம் வேலுமணி சாம்பிளோடு அங்கே வருகிறான்.

உன் அப்பன்
ஆத்தப்பன்



கல்கத்தா
23-2-1968

அன்புள்ள அப்பாவுக்கு மயிலா வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் வந்த உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன், இல்லை, உட்காரவில்லை, மேஜைமேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், இப்போதெல்லாம் உட்கார முடிவதில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு. நீங்கள் ஏனப்பா பட்டினி கிடந்தீர்கள்? பட்டினியே வேண்டாம். எதிர்மாடி சேட்டு வீட்டம்மா என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். மஞ்சள் மாத்திரை கொடுத்தார், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. பசியே கிடையாது! சோற்றைப் பார்த்தால் மடித்து வைத்த துணியைப் பார்ப்பது போல இருக்கிறது. நான்கு மாதத்தில் முப்பத்தாறு ராத்தல். விடியுமுன்னே வீட்டையெல்லாம் கழுவிவிடுகிறேன், டிரங்குப் பெட்டியில் இருந்ததைக் கொட்டி மடித்தேன், பிடிக்கவில்லை, திரும்பவும் கொட்டி மடித்தேன். பெரியவளுக்குப் பாவாடை தைத்தேன், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தைத்தேன்.

பொங்கலுக்கு இவர் என்னைத் தமிழ்ச் சங்கத்துக்குக் கூட்டிப் போனார் அப்பா. இரண்டு வருஷத்துக்கு அப்புறம். படியேறும்போது முன்னால் விறுவிறு என்று போகாமல் என்னோடு கூடவே நடந்தார்.

வேலுமணி வசம் ஒரு சீசா கொடுத்தனுப்புகிறேன். பயமில்லாமல் சாப்பிடுங்கள். உங்கள் காலுக்கு ஒன்றும் வராது. கன்னையண்ணா, படிக்கிறவன் நீதானே, அப்பாவுக்குத் தினம் எடுத்துக் கொடு.

உங்கள் மகள்
மயிலா



சிவன்மலை ஆண்டவர் துணை

ராயபுரம்
14-3-1968

கண்ணு மயிலாத்தா,

இது கன்னையன் எழுத்து இல்லை. மூன்றாம் வீட்டு ஜானகியம்மாள் டீச்சர் எழுதுகிறார். உன் கடிதத்தை வாசலில் எல்லோரும் கேட்கப் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் டீச்சர் விலாசத்துக்கு எழுது. அவர் படிப்பார், நான் கேட்பேன், மூன்றாம் காதுக்குப் போகாது.

சீசா வந்த மறுநாள் காலை ஒரு மாத்திரை விழுங்கினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. குடோனில் ஆட்களைத் தள்ளிவிட்டு நானே நூல் கட்டைத் தூக்கினேன். மத்தியானச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. பேசிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது, கன்னையன் "அப்பா, கொஞ்சம் மூச்சு உட்டுப் பேசுங்க" என்றான். பொழுது சாய்ந்ததும் நெஞ்சு மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. மிஷினுக்கு சுவிட்சு இருக்கிறது. இதை எங்கே நிறுத்துவது? நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் மூட மறுத்தது. நான் செத்துப் போவேன் என்று பயந்தேன்.

பிறகு வேறொரு பயம் வந்தது. ஒன்று தின்ற எனக்கே இப்படி. நீ தினம் இரண்டு தின்கிறாய்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது போகாது. போன ஆவணியில் நீ எழுதியது: "சின்னவன் சோறு ஊட்டும்போதே தூங்கிவிடுகிறான், நானும் அவனோடு சாய்ந்துவிடுகிறேன்." கார்த்திகையில்: "பால்காரன் வருவதற்குள் ஜன்னலெல்லாம் துடைத்துவிட்டேன்." தையில்: "முதல் டிராம் ஓடுமுன்னே துவைத்து முடித்தேன்." மாசியில் உட்காரவே முடியவில்லை என்கிறாய். நீ எப்போது தூங்குகிறாய் கண்ணு?

நான் இளவட்டமாக இருந்தபோது கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு தரகன் கிழட்டுக் காளைக்குச் சாராயத்தை ஊற்றி நிறுத்தியிருந்தான். மண்ணைக் கிளறிக்கொண்டு துள்ளியது. வாங்கினவன் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனான். காங்கேயம் ரோட்டில் பாதி வழியில் அது படுத்துவிட்டது. பிறகு எழுந்திருக்கவில்லை. அதன் கண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சீசாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "யாருங்க குடுத்தது?" என்றார். மகள் என்றேன். "அவங்களும் சாப்பிடறாங்களா?" என்றார். இல்லீங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல் தாண்டக் கால் வரவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போய்விட்டது. இது நெஞ்சைத் தின்றுவிடும், உடனே அங்கே நல்ல டாக்டராகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். நிறுத்தினால் கொஞ்ச நாள் தூக்கமாக வரும், பசி வரும், காரணமில்லாமல் அழுகை வரும், அப்போது தனியாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

நிறுத்திவிடு சாமி. உன் அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. இன்னொருத்தியை அனுப்பிவைக்க என்னால் ஆகாது.

உன் அப்பன்
ஆத்தப்பன்



கல்கத்தா
25-3-1968

அப்பாவுக்கு,

டீச்சருக்கு என் வணக்கம்.

எனக்கும் நெஞ்சு அடிக்கிறது. அடிக்கட்டும். குண்டாக இருந்தபோது எனக்குள் என்ன அடித்தது என்று யார் கேட்டார்கள்? இவருடைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு அம்மாள் என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்து, இலை போடச் சொன்னார். இவர் பக்கத்தில்தான் நின்றார். இல்லை, இவள் என் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இலை போட்டேன் அப்பா. எட்டு வரிசை போட்டேன்.

அந்த உடம்புக்கு நான் திரும்பிப் போக மாட்டேன். செத்துப் போவதைவிட அதற்குத்தான் எனக்குப் பயம். இப்போது இரண்டு மாத்திரை போதவில்லை, மூன்று போடுகிறேன். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

மயிலா



சிவன்மலை ஆண்டவர் துணை

ராயபுரம்
10-5-1968

கண்ணு மயிலாத்தா,

சித்திரையில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போஸ்ட்மேன் என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார்.

அந்தக் கல்யாணத்து விஷயத்தை டீச்சர் படித்தபோது பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மீதியையும் படிக்கச் சொன்னேன். மாப்பிள்ளையை இங்கே வரவழைத்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று இருந்தது. கேட்டால் உன்னிடம்தானே திரும்பி வருவான் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை. என் சாப்பாட்டைச் சொல்கிறேன், கேள். டாக்டர் என்ன தின்ன வேண்டும் என்று எழுதித் தருவார் என்று போனேன். அவர் என்னைக் கேட்கிறார்: "பெரியவரே, சாகற வரைக்கும் சலிக்காம எதைத் தின்பீங்க?"

"கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல் தின்பேனுங்க. அரிசிச் சோறு ஒரு நேரமாவது இல்லாட்டி எனக்கு ஆகாதுங்க."

"சரி, அதையே தின்னுங்க. அரிசி ஒரு நேரம், தட்டுல கால்வாசி. கம்பும் அளவாத்தான். கீரையும் காயும் பாதித் தட்டு. சாயங்காலம் ஒரு நடை."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். ஆனா நாளைக்கும் அதே, அடுத்த வருசமும் அதே."

அதுதான் கண்ணு கஷ்டம். மூன்று நாள் பட்டினி எனக்குச் சுலபமாக இருந்தது. தினம் கால்வாசி சோற்றோடு எழுந்திருப்பது சுலபமாக இல்லை. பங்குனியில் ஒரு விருந்தில் நாலு இனிப்பு ஒப்புட்டை நெய்யில் தோய்த்துத் தின்றேன். மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டலாம் என்று பார்த்தேன். டாக்டர் வைதார்: "நேத்துத் தின்னதுக்கு இன்னிக்கு அபராதம் கட்டாதீங்க. மறுபடியும் மயங்கி உழுவீங்க." இரண்டு மாதத்தில் ஏழு ராத்தல்தான் இறங்கியிருக்கிறது. வேலுமணி "கல்லுல அழுக்கு சேந்திருக்குமுங்க" என்கிறான். இன்னும் தினம் காலையில் பாதத்தைப் பார்க்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் தூங்குகிறேன்.

ஏதாவது எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் வெறும் தாளை மடித்துப் போடு. மேல்விலாசத்தைப் பார்த்து உன் கைதான் என்று டீச்சர் சொன்னால் போதும்.

அப்பன்
ஆத்தப்பன்



கல்கத்தா
24-5-1968

அப்பா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து சரியாக இருக்காது. டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாதம் பதிமூன்றாம் தேதி சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கண் இருட்டியது. விழித்தபோது இரண்டு பேரும் கீழ்ப்படியில் கிடந்தோம். அவன் நெற்றி கிழிந்து ரத்தம். அவன் அழவில்லை அப்பா. என் கன்னத்தைத் தட்டித் தட்டி, "அம்மா, பாரு, பாரு" என்றான். மூன்று தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு இவரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த என் செருப்பை எடுத்து ஒழுங்காக வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நிறுத்தினேன். உங்கள் டாக்டர் சொன்னபடியே எல்லாம் வந்தது. பகலெல்லாம் தூக்கம். விழித்தால் அழுகை. பசி வருகிறது, எப்படிப்பட்ட பசி! நேற்று அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு குண்டான் சோற்றைக் குழம்பு கூட ஊற்றாமல் தின்றேன். பிறகு பாவாடை நாடாவைக் கட்டினேன். முடிச்சு ஒரு விரல் தள்ளிப் போயிருந்தது. தட்டைக் கண்டால் பயமாக இருக்கிறது. தின்றாலும் பயம், தின்னாவிட்டாலும் பயம்.

சீசா இன்னும் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. தூக்கிப் போடலாம் என்று கையை விட்டுத் துழாவுகிறேன், கையில் அகப்படுகிறது, அங்கேயே விட்டுவிடுகிறேன். இன்று இரண்டு தடவை அப்படிச் செய்தேன். நீங்கள் பதில் போட்டு அது இங்கே வந்து சேரும்வரை தாங்குவேனா என்று தெரியவில்லை.

மயிலா



சிவன்மலை ஆண்டவர் துணை

ராயபுரம்
29-5-1968

கண்ணு,

பதில் போடவில்லை. நானே வருகிறேன். இந்தக் கடிதம் முந்தி வருமோ, நான் முந்தி வருவேனோ. டீச்சர் தந்தியும் கொடுத்திருக்கிறார்.

ஈரோட்டைத் தாண்டி நான் போனதில்லை. கன்னையன், "ஏனுங்கப்பா, போர்டு படிக்கத் தெரியாம அத்தனை தூரம் எப்படிப் போவீங்க?" என்று குதிக்கிறான். வேலுமணி மெட்ராஸ் வரைக்கும் கூட வந்து கல்கத்தா வண்டியில் ஏற்றிவிடுவான். ஹௌராவோடு வண்டி நின்றுவிடும், எல்லோரும் இறங்கும்போது இறங்கினால் சரி என்று டீச்சர் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. வழியில் விழுந்து கிடந்தால் என் பெயரைக்கூட யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இருந்தாலும் இங்கே உட்கார்ந்து போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சீசாவை நீ தனியாகத் தூக்கிப் போட வேண்டாம். அரிசிப் பானையை மூடிப் பரண்மேல் ஏற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடு. ஏன் என்று கேட்டால் சொல்லிவிடு. அரிசியை வேறு பாத்திரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீசாவை நான் வந்து எடுக்கிறேன்.

கம்பும் கொள்ளும் மூட்டை கட்டியாகிவிட்டது. மூன்று மாதம் இருப்பேன். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். நீ நிறையத் தின்றாலும் கேட்க மாட்டேன், கொஞ்சமாகத் தின்றாலும் கேட்க மாட்டேன், எதிரே உட்கார்ந்திருப்பேன். நின்றுகொண்டு தின்பது மட்டும் கூடாது. ராத்தல் ஏறினால் ஏறட்டும். ஏறினதை இறக்க நமக்கு வருஷம் கிடக்கிறது. உடனே இறங்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் நான் இருக்கும்போது கேட்கட்டும்.

ஒன்றே ஒன்று. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிவிடாதே. அவரைப் பிடித்துக்கொண்டாவது நீ வா. நான் இறங்கினதும் நீ பிளாட்பாரத்தில் நடந்து வருவதைப் பார்க்க வேண்டும்.

அப்பன்
ஆத்தப்பன் கைநாட்டு