குமாஸ்தாவின் முத்திரை

மழைக்கோட்டை உதறியபோது பையிலிருந்து உன் இருபது முகப் பகடை விழுந்தது. என்ன எண் என்று பார்க்காமலே எடுத்துவைத்தேன். பார்த்தால் நீ ஜெயித்துவிடுவாய்.

அன்றும் மழைக்காலம்தான், இரண்டாயிரத்து ஐந்தில். அளமெல்லாம் தண்ணீர், உப்பு வாரும் வேலை இல்லை. பெரிய முதலியார்சாவடி விடுதியில் எவனோ வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டப் பெட்டியை நீ நம் கொட்டகைக்குக் கொண்டுவந்தாய். நீ கதை சொல்வாய்; நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிப் பூதங்களோடு மோத வேண்டும். நான், ஏழுமலை, அந்தோணி மூவரும் வாளெடுத்தோம். முதல் குகையிலேயே மூவரும் செத்தோம்.

"எல்லாரும் கத்தி தூக்கினா அடிபட்டவன யாருய்யா பாக்கறது? ஒருத்தன் கிளெரிக்கா இருக்கணும்" என்று என்னைக் கைகாட்டினாய். ஏன் நான்? கேட்டதற்குப் பகடையை என் கையில் திணித்தாய்.

செய்தித்தாளைப் பார்த்தே இங்கிலீஷ் கற்றவன் நான், விடுவேனா? "கிளெரிக்னா கிளார்க்குய்யா. பேங்க் வேலை விளம்பரத்துல கிளெரிக்கல்னு போடறானே, பாத்ததில்ல?"

"யோவ், இவன் சாமியார் மாதிரி. மந்திரம் சொல்லி காயத்த ஆத்துவான்."

"சாமியாருக்கு எதுக்குய்யா பேங்க் வேல?"

அந்தோணி சிரித்துப் புரண்டான். நான் மசியவில்லை, நீதான் இறங்கி வந்தாய். என் குமாஸ்தா காதில் பேனாவோடு குகைக்குள் போனான். அடிபட்டவன் வாயால் மனு கொடுக்க வேண்டும், நான் முத்திரை குத்தினால் காயம் ஆறும். ஏழுமலை பூதத்தின் வாயில் பாதி உடம்போடு தொங்கியபோது, "அப்பா பேரு சொல்லலையே" என்று திருப்பி அனுப்பினேன்.

"யோவ், அது மெல்லுதுய்யா!" என்று அலறினான். குத்தினேன். அந்த மழைக்காலம் முடியும்வரை நம்மில் ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் எனக்கு வாள் தராதது அநியாயம்தான்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "குமாஸ்தா ஐயா, ஒரு மனு" என்றாய்.

"அப்பா பேரு?"

இனிஷியலோடு சொன்னாய். உன் நெற்றியில் முத்திரையாகக் கட்டைவிரலை அழுத்தினேன். "இப்பவாவது சொல்லு. ஏன் என்னை கிளார்க் ஆக்கின?"

"மத்தவன்லாம் செத்தா அழுதுட்டுப் போயிடுவான். நீதான்யா ஒத்துக்கவே மாட்ட."

சரியாகத்தான் ஆள் பிடித்திருக்கிறாய். உன் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குத்திய முத்திரை பலிக்கும்வரை உன் மனு என்னிடம் நிலுவையில்தான் இருக்கிறது.