உன் வில்லில் என் அம்பு

மச்சான்,

நேற்று அம்பத்தூரில் மகனுடைய பட்டறைக்குப் புது இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அது வந்த மரப்பெட்டியைக் கடப்பாரையால் நெம்பியதும் பிசின் வாசனை குப்பென்று வந்தது. நம்முடைய அதே பைன் மரம். எல்லாரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பலகையை எடுத்து நார் நேராக ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடனே உன் மேல் கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கோபம் மட்டும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. ஆவடித் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே பிரிவில் ஃபிட்டர்கள். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவன். நீ காட்டுப்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவாய். ஆயுத பூஜை விளையாட்டில் வில் போட்டியும் உண்டு என்று அறிவிப்பு வந்ததும், உன் அப்பா ஏரிக்கரையில் முயல் அடித்த மூங்கில் வில்லைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாய். அதை முழுதாக இழுக்க எனக்குத் தோள் போதவில்லை. எனக்கு இளசாக வேறொரு வில்லை நீயே வளைத்துக் கட்டினாய்.

வில் கிடைத்துவிட்டது, இனி குச்சி சீவினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். தொழிற்சாலையில் கழிவாக விற்ற பைன் பெட்டிப் பலகைகளை வாங்கி, நாரோடு பிளந்து, இழைப்புளியால் உருட்டி ஒரு கட்டு குச்சிகளை அடுக்கினேன். எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம். நீ அந்தக் கட்டைப் பார்த்துச் சிரித்தாய்.

"இன்னா மச்சான், அம்பு நேரா போவுதுன்னு நெனச்சிகினு கீறியா? வில்லுத் தண்டு நடுவுல குறுக்க நிக்குது. அத்த நெளிஞ்சி சுத்திகினுதான் போவணும். ரொம்ப நெளிஞ்சாலும் தப்பு, நெளியாட்டியும் தப்பு."

அண்ணனூர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த பொட்டலில்தான் நம் சோதனை நடந்தது. குச்சியின் இரு முனைகளையும் செங்கல் மேல் வைத்து, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று நான் அளப்பேன். நீ அதையே விரலால் வளைத்துப் பார்த்துச் சொல்வாய். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் அடுத்தது. பிறகு இறகு ஒட்டாமலே வைக்கோல் மூட்டையில் எய்வோம். வில்லுக்குக் குச்சி இளசாக இருந்தால் வலப்பக்கம் ஒதுங்கும், விறைப்பாக இருந்தால் இடப்பக்கம். நேராகப் போய்க் குத்தியவை மட்டும் நமக்கு. தொய்வு குறைந்த குச்சிகள் உன் வில்லுக்கு, அவற்றுக்குக் கறுப்பு நூல். இளசானவை எனக்கு, சிவப்பு நூல். அந்த நூலைச் சுற்றும்போது நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்: "செவப்ப என் வில்லுல வெச்சிடாத. ஒட்ஞ்சி கையில ஏறிடும்."

நினைவிருக்கிறதா? சொன்னது நீதான்.

போட்டியில் ஜெயிப்பவனை வடக்கே நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அரக்கோணத்துக்கு அப்பால் போகாத நீ, ரயிலில் ஜன்னலோர இடம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீதான் ஜெயிப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று காலை நம் அதிகாரி மைதானத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். போல்ட்டையும் நட்டையும் ஸ்டோரில் ஒப்படைத்து, எண்ணி வாங்கியே பழகிய மனிதர். "எல்லாரும் அம்புகளை இங்கே ஒப்படைங்க. கலந்து, ஆளுக்குச் சமமா நான் தரேன். அப்பதான் நியாயம்" என்றார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரே அளவுச் சாமானை எங்கே மாட்டினாலும் பொருந்தும் என்று நம்பும் இடம் அல்லவா அது.

"சார், கலக்காதீங்க, ஒவ்வொரு வில்லுக்கும்..." என்று நான் ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். "உடு மச்சான். பெரியவரு ஆசயா பண்றாரு. நாலு பேரு முன்னாடி மொகத்த முறிக்காத."

நான் வாயை மூடினேன். அவர் கலந்தார், எண்ணினார், கொடுத்தார். உன் பங்கில் சிவப்பு நூல் வந்தது. நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். விரலால் ஒருமுறை வளைத்தும் பார்த்தாய். எந்தத் தொழிற்சாலையில் எந்த மடையன் அதைத் தெரிந்தே நாணில் பூட்டுவான்? நீ பூட்டினாய். அவரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு, காது வரை இழுத்தாய்.

அம்பு நடுவில் முறிந்தது. அதன் சிலாம்பு உன் இடது கைப் பெருவிரலின் அடியில் இறங்கியது. என் வில்லுக்காக நான் சீவி, நான் நூல் சுற்றிய அம்பு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சார் பயந்துட்டாரா?"

அந்தப் பெருவிரல் அதன்பிறகு மடங்கவில்லை. ஃபிட்டர் வேலை போயிற்று. உன்னை ஸ்டோரின் ஜன்னலில் உட்கார வைத்தார்கள், போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்க. "நெழல்ல சொகமா கீறேன் மச்சான்" என்று சிரித்தாய். அதே அதிகாரி ஓய்வு பெற்றபோது, மாலையை அந்த விறைத்த கையால் நீதான் போட்டாய். நான் அந்த விழாவிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ கேட்டதற்கு வெயில் என்றேன். வெயில் இல்லை மச்சான், உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவருக்குத் தெரியவில்லை, செய்தார். அவரைக் கூட மன்னித்துவிடுவேன். உனக்குத் தெரியும். தெரிந்தே தன் கையை ஒருவன் மரியாதைக்காகக் கொடுப்பானா?

அதன்பிறகு அந்தத் தொழிற்சாலையில் யார் எதைத் தவறாக நீட்டினாலும் "முடியாது சார்" என்று சொல்பவன் நான்தான் என்று பெயராகிப்போனது. அதனால் பதவி உயர்வு தள்ளிப்போனது, வீட்டில் திட்டும் வாங்கினேன். உன் நல்ல குணத்தைச் சொல்லி என்னைத் திருத்தப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லும் முன் மணிக்கட்டில் உன் பிடி தெரியும். உதறிவிட்டுத்தான் சொல்வேன்.

நேற்றும் அந்தப் பலகையோடு நிற்கும்போது அந்தப் பிடி தெரிந்தது. அன்று இடது கையால்தான் பிடித்தாய். ஐந்து விரலும் நன்றாக அழுந்தின. அந்தக் கையால் நீ கடைசியாக ஒருவனை இறுகப் பிடித்தது என் வாயை அடைக்கத்தான்.