பொறுத்தேன் என்று சொல்ல வேண்டியவள்

மே 3, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். லேபில் ஏசி மறுபடி தண்ணீர் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காபி குடித்துவிட்டு வந்து, ‘வெறும் வயித்துலதானுங்க இருக்கேன்’ என்று சாதிக்கிறார்கள். ரிப்போர்ட் காட்டிக்கொடுக்காதா என்ன.

மதியத்துக்கு முன்னால் அண்ணன் வந்தார். அன்னூரிலிருந்து காந்திபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே, சட்டை முதுகோடு ஒட்டி. ஊர்க் கிணத்தம்மன் கோயில் பொங்கல், வருகிற புதன். நோட்டீஸ் கொடுத்தார்.

‘இந்த வருசம் நீ நிக்கோணும் அம்மணி.’

சிரித்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில், அதாவது எங்கள் குலத்தில், கல்யாணமாகாத பெண் ஒருத்தி கிணற்றடியில் நிற்க வேண்டும். கூட்டத்தின் மூத்த ஆண் அவள் முன்னால் கைகூப்பி, ‘கூடப் பொறந்தவங்க பண்ணுன தப்பப் பொறுத்துக்க அம்மணி’ என்பார். அவள் ‘பொறுத்தேன்’ என்று சொல்லி, எரிகிற சூடத் தட்டைக் கொடுப்பாள். அதில்தான் பொங்கல் அடுப்பு பற்ற வேண்டும். பாவாடை கட்டிய வயதில் நானும் நின்றிருக்கிறேன். தட்டு சுட்டதுதான் ஞாபகம். இப்போது சில வருஷமாக அண்ணன் மகள் நிவேதா.

‘சாமியே இல்லைங்கறவ நான். ஐம்பத்தாறு வயசுக் கன்னி வேற. நிவி எங்கீங்ணா?’

‘அவளுக்கு ஒடம்பு செரியில்ல. மத்த பொண்ணுகளக் கட்டிக் குடுத்தாச்சு, அவுங்க வேற கூட்டம். மிச்சம் நீதான்.’

‘எந்த டாக்டர்கிட்டக் காட்டுனீங்க?’

அண்ணன் ஃபேனைப் பார்த்தார். அண்ணனுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

சாயங்காலம் அண்ணி போன். சத்தமில்லாமல் அழுதுகொண்டே. நிவிக்குச் சரவணம்பட்டி ஆபீசில் கூட வேலை செய்கிற பையனைப் பிடித்திருக்கிறது. வேறு சாதி. போனைப் பிடுங்கி, அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வேலைக்கும் போகவில்லை.



மே 5, ஞாயிறு

வெயில். துணி துவைத்தது. லேபுக்கு ரீஏஜென்ட் மருந்து ஆர்டர், ஏசி ஆள், கேஸ் சிலிண்டர் பதிவு: மூன்றும் செய்யவில்லை.

நோட்டீஸை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘அன்னை தவமிருந்து கிணற்றில் ஜோதியாய்க் கலந்த திருத்தலம்.’

ஜோதியாமே. எனக்குச் சொன்ன கதையில் ஜோதி கிடையாது. அந்தியூர்ச் சந்தையிலிருந்து குதிரை ஓட்டி வந்த ஒருவனை அந்தப் பெண்ணுக்குப் பிடித்துப்போனது. கூடப் பிறந்தவர்கள் அவளைக் கிணற்றில் தள்ளினார்கள். அப்புறம் மழை பொய்த்தது, மாடு செத்தது. பயந்துபோய்க் கல் நட்டுக் கும்பிட்டார்கள். அவ்வளவுதான் சாமி.

முப்பது வருஷமாக இந்தக் கோயிலைக் கிண்டல் செய்தவள் நான். இப்போது கதையை மாற்றிவிட்டார்கள் என்று எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது? பழைய கதைக்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா? இல்லை. சாம்பிளே இல்லாத கேஸ். மழை பொய்ப்பதற்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனாலும் அந்தக் கதையில் ஒரு கொலை இருந்தது. செய்தவர்கள் யார் என்றும் இருந்தது. வருஷா வருஷம் அவர்கள் வாயாலேயே அதைச் சொல்லவும் வைத்தது. ஜோதி வந்தால் யாரும் யாரையும் தள்ளவில்லை. நோட்டீஸ் எழுதிய பூசாரிக்கும் நிம்மதி, அண்ணனுக்கும் நிம்மதி.

இரண்டு முறை வீட்டைப் பெருக்கினேன். உட்கார முடியவில்லை.

மே 7, செவ்வாய்

லேபைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, ஊசி, ட்யூப், பஞ்சு எல்லாம் பையில் போட்டு ஊருக்குப் போனேன்.

அண்ணன் வாசலிலேயே மறித்தார். ‘இப்ப எதுக்கு வந்தே?’

‘புள்ளைக்கு ஒடம்பு செரியில்லைன்னீங்களே. ரத்தம் எடுக்கோணும்.’

தானே சொன்ன பொய். என்ன செய்வார்? பூட்டைத் திறந்துவிட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நிவி இளைத்திருக்கிறாள். கையை நீட்டினாள். எடுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டேன்.

‘அத்தை, ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு. “கெணறு இன்னும் அங்கதான இருக்குது”ன்னு அப்பாகிட்டச் சொன்னாரு. சன்னல்ல கேட்டுச்சு.’

‘அப்பா என்ன சொன்னாரு?’

‘ஒண்ணுமே சொல்லலீங்கத்தை.’

அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்தப் பழைய கூடப்பிறந்தவர்களும் அப்படிப்பட்ட ஆட்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

வெளியே வந்து, ‘நாளைக்கு நிக்கறேனுங்ணா’ என்றேன். அண்ணன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ‘காலீல ஒண்ணும் சாப்புடக் கூடாது அம்மணி. விரதம்.’

மே 8, புதன்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி.

வெறும் வயிறு. வெயில் தலைக்குமேல். மஞ்சள் சேலை, கையில் சூடத் தட்டு. பம்பை அடிக்கிறார்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கைகூப்பினார். பம்பை நின்றது. ‘கூடப் பொறந்தவங்க பண்ணுன தப்பப் பொறுத்துக்க அம்மணி.’

நான் தட்டை நீட்டவில்லை.

‘பொறுத்தேன்னு சொல்லு’ என்று மெதுவாகச் சொன்னார்.

‘பொறுக்கல.’

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். மறுபடி சொன்னேன். ‘பொறுக்கல. நிவி எங்க? அவளக் கூட்டியாங்க. அவ போனை அவ கையில குடுங்க. எங்க போறேங்கறாளோ அங்க போகட்டும். அப்பறம் அடுப்புப் பத்த வைங்க.’

நேற்று ராத்திரியே யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள். நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ஆனால் பசி, வெயில், பயம். கால் வெடவெடவென்று ஆடியது. சர்க்கரை இறங்கியிருக்கும், வேறென்ன.

பின்னாலிருந்து ஒரு பெண், ‘ஆத்தா வந்துட்டா’ என்றாள். பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தார். யாரோ வேப்பிலையைத் திணித்தார்கள். ‘சாமியெல்லாம் இல்லீங்க, நாந்தான் பேசறேன்’ என்றேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் என் காலில் விழுந்துவிட்டார். என்னைவிடப் பெரியவர். நெற்றி மண்ணில் பட்டது. அழுதார்.

நிவியைக் கூட்டி வந்தார்கள். அண்ணனே போனைக் கொடுத்தார். தட்டை அவர் கையில் வைத்தேன். ‘பொறுத்தேன்’ என்று மட்டும் சொல்ல வரவில்லை. ஒருத்தரும் கவனிக்கவில்லை, அடுப்புப் பற்றியது.

நிவியை அடுத்த பஸ்ஸிலேயே கூட்டி வந்துவிட்டேன். வழியில் இரண்டு டீ, இரண்டு பன்.

மே 9, வியாழன்

மேகம் போட்டு ஏமாற்றியது. நிவி வேலைக்குப் போய்விட்டாள்.

லேபுக்கு அன்னூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், பேரனைத் தூக்கிக்கொண்டு. இரத்தம் எடுக்க என்று நினைத்தேன். ‘ஏனுங்கம்மா, பையன் ராத்திரியெல்லாம் பயந்து அழுகறானுங்க. ஒரு துளி திருநீறு வெச்சுடுங்க.’ இங்கே திருநீறு இல்லைங்க, காய்ச்சல் இருந்தால் டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூசிப்போனது.

நேற்று வரை அது ஒரு கதை. நேற்று அதன் பேரில் நான் ஒரு உத்தரவு போட்டேன். உடனே நடந்தது. மதம் என்பது இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ? முதலில் சொன்னவளும் பசியில் நின்றிருப்பாளோ? நல்லதுக்குத்தானே செய்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். ஜோதி எழுதிய பூசாரியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

எனக்கு என்மேலேயே எரிச்சல். ஆனால் சரவணம்பட்டியிலிருந்து நிவி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது எரிச்சல் போய்விட்டது.

மே 11, சனி

ஒருவழியாக மழை. ஏசி ஆள் வரவில்லை.

சாயங்காலம் அண்ணன் போன். நிவி எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

‘அம்மணி, ஊர்ல ரெண்டு விதமாப் பேசறாங்க. ஆத்தா வந்து சொன்னாங்கறாங்க. நீ நாடகம் போட்டுட்டீங்கறாங்க. நீ சொன்னதுன்னா இப்பவே வந்து புள்ளையக் கூட்டிட்டு வந்துருவேன். ஆத்தா சொன்னான்னா வாயத் தொறக்க மாட்டேன். நீ பொய் பேச மாட்டே. அதனாலதான் உங்கிட்டயே கேக்கறேன்.’

இத்தனை வருஷத்தில் இல்லாததை ஒரு ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை. டாக்டர்கள் கேட்டும் எழுதியதில்லை. நிவி கத்தியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

‘ஆத்தாதானுங்ணா’ என்றேன்.

அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விட்டார். நம்பிவிட்டார். அது எனக்கு வலித்தது.

‘அப்பறம் ஏம்மணி பொறுத்தேன்னு சொல்லல? அன்னைக்கே கவனிச்சேன். மூணு நாளாத் தூக்கமில்ல.’

அவர் ஒருவர் கவனித்திருக்கிறார்.

‘அதச் சொல்ல வேண்டியவ ஆத்தா இல்லீங்ணா. நானும் இல்ல.’

போனை நிவியிடம் நீட்டினேன். கையைத் துடைத்து வாங்கிக்கொண்டாள். அண்ணன் பேசுவது இங்கே வரை கேட்கிறது, ‘தப்பப் பொறுத்துக்க அம்மணி’, கோயிலில் சொன்ன அதே வார்த்தைகள்தான், ஆனால் திக்கித் திக்கி. இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.