அக்காவின் கார்டில் நான்

ஜூலை 4, 2021, ஞாயிறு

எத்தனையோ தடவை பாடி, கடைசியில் ஒன்று சரியாக வந்தது. மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் இப்படித்தான். நான் வாய் திறக்கும் நேரம் பார்த்து மாடும் வாய் திறக்கிறது. சமையலறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஒழுகப் பாடி சந்தோஷ் சாருக்கு அனுப்பிவிட்டேன்.

சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளி யூடியூபில் சேர்ந்திசை. அவரவர் வீட்டில் பாடி வீடியோ அனுப்ப வேண்டும். சார் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பாட்டாக்குவார். பாட்டும் மெட்டும் சாருடையதே. எல்லோரும் ஒரே தாளத்தில் பாட வேண்டுமே, அதற்கு முதலில் ஒருத்தி பாடிக் கொடுக்கிறாள். மற்றவர்கள் அதை இயர்போனில் கேட்டுக்கொண்டே கூடப் பாடுகிறார்கள். அந்த ஒருத்தி நான். முதலில் ஒரு கைதட்டு, அப்புறம் "ரெண்டு, மூணு, வா", அதற்குப் பிறகு பாட்டு.

அத்தனை பேர் காதிலும் என் குரல். குஷியாகத்தான் இருக்கிறது. நாளை காலையிலிருந்து மறுபடியும் ஊமை.

ஜூலை 6

இன்றும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தமிழ்செல்வி அக்காவுக்கு மே மாதம் கொரோனா வந்தது. பிழைத்ததே பெரிசு. இன்னும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலைக்குத் திரும்பாதவர்கள் பெயரை எடுத்துவிடுவோம் என்று அவள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அம்மா வேலை பார்த்த ரோஜாப் பண்ணையில் பூவை வெட்டிக் குப்பையில் கொட்டுகிறார்கள், ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ஆக, வீட்டுக்கு மிச்சம் அக்கா வேலை ஒன்றுதான். அதை விடக்கூடாதென்று அவள் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் போகிறேன்.

கொரோனா பயத்தில் கைரேகை மெஷினை மூடி வைத்துவிட்டார்கள். கார்டு போதும். தொப்பி, மாஸ்க், கோட்டு எல்லாம் போட்டால் வெளியே தெரிவது கண் மட்டும். கண் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சாப்பிட மாஸ்க்கை இறக்கினாலும், காய்ச்சலில் இளைத்துப்போன அக்கா என்றுதான் நினைக்கிறார்கள். குரல்தான் உதைக்கிறது. அக்கா குரல் தகர டப்பா, போதாததற்கு ஓயாத வாய். அதனால் காய்ச்சலில் தொண்டை போய்விட்டது என்று சைகையிலேயே காலம் தள்ளுகிறேன்.

எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. மாட்டினால் அக்கா வேலை போய்விடும். பள்ளி திறக்கும்வரைதான் என்கிறாள் அம்மா. திறக்கும்போது அக்கா தேறியிருக்காவிட்டால்? பிளஸ் டூவை யார் படிப்பது? அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும்தான்.

ஜூலை 17

எங்கள் லைன் லீடர் அனிதா மேடம் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொன்னார். மகள் ஹரிணி ஒன்பதாவது படிக்கிறாளாம், பள்ளியில் ஏதோ ஆன்லைன் பாட்டாம், வீட்டில் நாள் முழுக்க அதே பாட்டுதானாம். எந்தப் பள்ளி என்றும் சொன்னார்.

எங்கள் பள்ளிதான்.

ஜூலை 28

கத்திவிட்டேன்.

பக்கத்தில் நிற்கிற நஞ்சம்மாவின் கோட்டுக் கை போர்டு ஓடுகிற பெல்ட்டில் சிக்கி உள்ளே இழுத்தது. "மேடம், நிறுத்துங்க, கை, கை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லைனை நிறுத்தினார்கள். நஞ்சம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோட்டு கிழிந்ததோடு போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அனிதா மேடம் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஜூலை 29

போச்சு. எல்லாம் போச்சு.

குனிந்து சர்க்யூட் போர்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு கைதட்டு. "ரெண்டு, மூணு" என்று மெதுவாக ஒரு குரல். நான் என்ன செய்வேன்? மூச்சை இழுத்துவிட்டேன். பாடுவதற்கு இழுக்கிற மூச்சு. மாஸ்க் உள்ளே போய் உதட்டில் ஒட்டிக்கொண்டது. திரும்பினால் அனிதா மேடம் நிற்கிறார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஏன் சொல்லல? யாருகிட்ட சொல்லப் போறாங்க? அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூலை 30

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். நடுவில் கண்ணாடித் தடுப்பு.

"எங்க வூட்ல தினமும் நீதான் பாடற. எம்பொண்ணு உன் குரலைக் காதுல வெச்சிகினேதான் தூங்கறா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பெயரைக் கேட்டார். பிரவீனா என்றேன். வயதைக் கேட்டார். சொன்னேன். பிறகு சொன்னார், மேலே தெரிந்தால் அக்கா வேலையோடு அவர் வேலையும் சேர்ந்து போகுமாம். மகள் பாடுகிறாள் என்று லைனில் இருக்கிற எல்லோருக்கும் வீடியோவை அனுப்புவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாராம். அதில் நானும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

"பதினஞ்சாம் தேதிக்குள்ள கார்டு யாருதோ அவளையே வரச் சொல்லு. உக்காந்து பாக்கற வேலையா நான் போட்டுக் குடுக்கறன். அதுக்கு மேல என்னால ஆவாது."

கோபமாகச் சொன்னாரா, பாவம் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. மாஸ்க் போட்டிருந்தார்.

ஆகஸ்ட் 5

அக்கா இன்று தெருமுனைக் கடைவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளையா அனுப்புவது?

ஆகஸ்ட் 8, ஞாயிறு

சாருக்குப் போன் செய்து என் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று பொய். சார் பதறிவிட்டார். குரலை எடுக்கவே முடியாதாம், மொத்தப் பாட்டும் அதன் மேல்தான் நிற்கிறதாம். முகத்தை வேண்டுமானால் எடுத்துவிட்டு ஒரு கறுப்புக் கட்டம் வைக்கலாம் என்றார். வையுங்கள் என்றேன்.

முகம் தெரியாவிட்டால் நான் லைனிலேயே இருந்துவிடலாம். மேடமும் விட்டுவிடுவார். பிளஸ் டூவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். எப்போது? பிறகு.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9

பெரிய சண்டை. மேடம் சொன்னதையெல்லாம் அக்கா என்னிடம் கக்க வைத்துவிட்டாள். ஏன்டி எங்கிட்ட சொல்லல என்று தட்டைத் தூக்கி எறிந்தாள். உனக்கு மூச்சு வாங்குதே என்று நானும் கத்தினேன். அவள் கத்திய கத்தலில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். அம்மா இரண்டு பேரையும் திட்டிவிட்டு அழுதாள்.

மூச்சு திரும்பியதும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "கறுப்புக் கட்டமா வர்றதுக்கா உன்னைப் படிக்க வெச்சன்? நாளைக்கே போனைப் போட்டு மூஞ்சை வைக்கச் சொல்லு."

ஆகஸ்ட் 14, சனி

அக்கா போயிருக்கிறாள். கார்டை நான்தான் அவள் கழுத்தில் மாட்டினேன். பஸ் படியில் ஒரு கால் வைத்து நின்று, அப்புறம் அடுத்த காலை வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் தாண்டிவிட்டது. போன் வரவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை.

வந்துவிட்டாள். முகம் வெளுத்திருக்கிறது. ஆனால் வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 15

மேல் வரிசையில் மூன்றாவது கட்டம் நான். முகத்தோடு. அக்கா அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 1, புதன்

பள்ளி திறந்துவிட்டது.

மாலையில் சார் எங்களை மைதானத்தில் தள்ளித் தள்ளி நிற்க வைத்தார். முதல் தடவையாகச் சேர்ந்து பாடப் போகிறோம். சார் கையைத் தட்டினார். ஒருத்தரும் ஆரம்பிக்கவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. முன் வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் திரும்பி, "அக்கா, நீங்க சொன்னாத்தான் வருது" என்றாள். அனிதா மேடத்தின் அதே கண். ஹரிணி.

"ரெண்டு, மூணு, வா" என்றேன். எல்லோரும் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள், மூச்சு அடங்கும்வரை. லைனில் தமிழ்செல்விக்குத் தொண்டை போய்விட்டது, அன்றைக்குக் கத்தியதில் இன்னும் மோசம் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் இன்னும் கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்று மேடம் உத்தரவு. இத்தனை வாரமும் அக்கா அங்கே என்னைப் போல நடித்துக்கொண்டிருக்கிறாள். சைகை காட்டுகிறாளாம், தலையை ஆட்டுகிறாளாம்.

மூச்சு அடங்கியதும் அந்தத் தகர டப்பாக் குரலில் ஆரம்பித்தாள். நஞ்சம்மா என்ன சொன்னாள், கேன்டீன் சாம்பாரில் என்ன கிடந்தது, பஸ்ஸில் யார் யாரோடு சண்டை. நாள் பூராவும் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டினாள். பள்ளியில் நடந்ததைச் சொல்ல எனக்கும் வாய் துறுதுறுத்தது.

நான் குறுக்கே பேசவில்லை.